பூரணத்தின் ஆறு நாள்

1984 மே 7
கொழும்பு. இன்று என் மனைவி பூரணத்துக்கு முதல் கதிர்ச் சிகிச்சை. மூளையின் அடியில் கடலை அளவில் ஒரு சுரப்பி, அதிலே கட்டி. மாசியில் வெட்டி எடுத்தும் மிச்சம் இருக்கிறதாம். வளரவிட்டால் கண் போய்விடும். இன்னும் இருபத்துநாலு தரம் வைக்க வேண்டும். அவளை உள்ளே தனியே படுக்க வைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்துகிறார்கள். போன ஆடியில் எங்கள் சனத்தை அடித்துக் கலைத்த ஊர் வேறு. வெளியே வாங்கில் குந்தியிருந்து நேர்ந்துகொண்டேன்: முருகா, கண் தப்பினால் கந்தசட்டி ஆறு நாளும் தண்ணீரோடு மட்டும் இருப்பாள். நேர்ந்தது நான், பட்டினி கிடக்கப்போவது அவள்.

மே 23
காதுக்கு மேலே மயிர் கொட்டுகிறது. "அரைக் கிழவியாக்கிப் போட்டாங்கள்" என்று சிரித்தாள்.

ஜூன் 12
கதிர் முடிந்தது. டொக்டர் சொன்னார்: "அந்தச் சுரப்பி இனி வேலை செய்யாது. ஒவ்வொரு நாளும் விழுங்கிற இந்தக் குளிசைதான் உயிர். நல்லாயிருக்குது எண்டு ஒருநாளும் விட்டிடாதேங்கோ." இரண்டு பேரும் தலையாட்டினோம்.

செப்டெம்பர் 3
கொக்குவில், எங்கள் வீடு. பூரணம் ஊசியில் நூல் கோத்துவிட்டாள்! அழுதேன். அழுதால் என்ன?

ஒக்டோபர் 25
விரதம் தொடங்கிவிட்டது. "இஞ்சருங்கோ, குளிசை விழுங்கினா விரதம் முறியாதே?" என்று கேட்டாள். "ஆறு நாள்தானே. இப்ப நல்லாத்தானே இருக்கிறீர்" என்றேன்.

ஒக்டோபர் 28
விடிய இருந்து சத்தி, குடித்த தண்ணீரும் வெளியே வருகிறது. எழும்ப ஏலவில்லை. விரதக் களைப்பு என்கிறாள். குளிசையைக் கொடுப்பமோ? இன்னும் இரண்டு நாள்தான் — இவ்வளவும் இருந்துபோட்டு —

ஒக்டோபர் 29
காலையில் கொடுத்தன். வயித்திலை நிக்கேல்லை. கார் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு. ஊசி போட்டவை. பிந்திப்போச்சு. நாலே காலுக்குப் போயிட்டாள்.

நவம்பர் 5
வீடு நிறையச் சனம். ஆரோ கூப்பிடுவது போலத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். தங்கமுத்து மச்சாள் சொன்னா: "சட்டி விரதத்திலை போனவள். முருகன்ரை காலடிக்குத்தான்." எல்லாரும் ஓம் என்றார்கள். நானும் ஓம் என்றேன்.

நவம்பர் 9
மகள் அருந்ததி கேட்டாள்: "அப்பா, அம்மா குளிசையை விட்டவவே?"
"இல்லைப் பிள்ளை. ஒழுங்காப் போட்டவ."
"அப்ப அந்தக் கதிர்தான் அம்மாவின்ரை உயிரை எடுத்தது."
பூரணத்துக்குக் கண்ணைத் தந்தது அந்தக் கதிர். நான் வாய் திறக்கவில்லை.