குட்டியனின் மணம்

இன்று சனிக்கிழமை. குட்டியனின் தொங்குபடுக்கையையும் போர்வைத் துண்டுகளையும் மெஷினில் போட எடுத்ததுமே அந்த நெடி மூக்கில் ஏறியது. நனைந்த கம்பளியில் தேனைக் கொட்டிப் புளிக்கவிட்ட மாதிரி ஒரு மணம். "என்னப்பா, இதைக் கொஞ்சம் பாருங்கோ" என்று கூப்பிட்டும் விட்டேன். பிறகுதான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது.

கலியாணம் கட்டி இத்தனை வருஷத்தில் என்னைக் கேளாமல் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது குட்டியனை மட்டும்தான். உங்களோடு வேலை செய்தவர் பிரிஸ்பேனுக்கு மாறிப்போனார். அங்கே, குயின்ஸ்லாந்தில், அவர் வளர்த்த ஃபெரட் என்கிற பிராணிக்குத் தடை என்றதும் நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றீர்கள். கீரிக்குத் தம்பி மாதிரி நீள உடம்பும் திருட்டு முழியும். "ஐயோ, மணக்குதே!" என்றேன். "முழுக வார்த்தால் சரியாப் போகும், நீர் சும்மா இரும்" என்றீர்கள்.

வெள்ளிக்கிழமை தோறும் அதற்கும் முழுக்கு. மேய்ஸ் ஹில் கோயிலுக்கு வெளிக்கிடுமுன் அதைத் தொட்டிக்குள் நிறுத்திச் சீயாக்காய் தேய்த்து, சாம்பிராணிப் புகையும் காட்டுவீர்கள். அது தும்மித் தள்ளும். வார்க்க வார்க்க மணம் கூடியதே தவிரக் குறையவில்லை. கோயிலில் ஒரு அன்ரி எங்கள் உடுப்பில் ஏறியிருந்த நெடிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நம்மைவிட்டுத் தள்ளி நின்றார். நான் வெட்கத்தில் செத்தேன். உங்களுக்கோ சிரிப்பு.

மிருக வைத்தியர்தான் உங்களை நன்றாக ஏசினார். அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் காய்ந்து இன்னும் எண்ணெய் சுரக்குமாம். மணமே அந்த எண்ணெயில்தானாம். புகை கூடவே கூடாதாம். திரும்பும்போது காரில், "இஞ்சரும், பிள்ளையில பிழையில்லை. படுக்கையைத்தான் தோய்க்க வேணும்" என்றீர்கள். அன்றிலிருந்து மலத்தட்டைத் துப்புரவாக்குவது, காது துடைப்பது, படுக்கை தோய்ப்பது எல்லாம் உங்கள் வேலை. வீட்டிலும் மூச்சுவிட முடிந்தது.

பிறகு உங்களுக்குப் புற்றுநோய். மருந்து ஏற ஏற என் கறி வாசம்கூடக் குமட்டியது. குட்டியனை யாருக்காவது கொடுப்போம் என்றேன். "விடும். ஆஸ்பத்திரி மணத்தோட பாக்கேக்க இது எவ்வளவோ மேல்" என்று அதை நெஞ்சில் போட்டுக்கொண்டு படுத்திருந்தீர்கள்.

நீங்கள் போனபின், எட்டாம் நாள் சடங்குக்கு முதல், தெரிந்த பெண்கள் வீடு கழுவ வந்தார்கள். "அக்கா, நீங்க இருங்கோ, நாங்க பாக்கிறம்." நல்ல மனதோடுதான் செய்தார்கள். உங்கள் சாரம், சேட்டு, தலையணை உறை எல்லாவற்றையும் தோய்த்து மடித்து வைத்துவிட்டார்கள். அலுமாரியைத் திறந்து ஒவ்வொன்றாய் முகத்தில் வைத்துப் பார்த்தேன். சவர்க்கார வாசம் மட்டும். அவர்கள்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. நியாயமில்லைதான், ஆனாலும் ஆறவில்லை.

மெஷின் ஓடிக்கொண்டிருக்க, படுக்கையைக் காணாத குட்டியன் சோபாவுக்குப் பின்னால் நுழைந்தது. அதன் களவுச் சாமான் எல்லாம் அங்கேதான். கையை விட்டு இழுத்தேன். ஒரு கரண்டி, ஒரு காலுறை, பிறகு தலைமயிர் கொட்டியபின் நீங்கள் போட்டிருந்த கம்பளித் தொப்பி. ஒருவர் கையிலும் அகப்படாமல் தப்பிய தொப்பி. நிலத்திலேயே இருந்து மூச்சு முட்டும்வரை முகர்ந்தேன். குட்டியனின் மணம்தான் வந்தது. அதற்கடியில் நீங்கள் இருக்கிறீர்களா என்று தேடினேன், அழுதழுது தேடினேன். கிடைக்கவில்லை.

தொப்பியைக் கீழே வைத்தேன். குட்டியன் வந்து மூக்கை உள்ளே விட்டு வெகுநேரம் மோந்தது. பிறகு அதற்குள்ளேயே சுருண்டு படுத்துவிட்டது. அந்தத் தொப்பியைத் தோய்க்க மாட்டேன். குட்டியனுக்கு நீங்கள் இன்னும் அங்கே கிடைக்கிறீர்கள். எனக்கு அந்த மூக்கு இல்லையே.