இரண்டாம் பிரதிவாதி

அன்பு மகளுக்கு,

மூன்று நாளாக இதை எழுதிக் கிழிக்கிறேன்.

துறைமுகப் பக்கம் வாய்க்கால் வெட்டி நம் மதிலைச் சரித்ததற்காகப் பிரதேச சபைக்கு எதிராக வழக்குப் போட்டேன் அல்லவா? போன தவணையில் அவர்கள், அது அரச காணி, நீ வேலை செய்யும் பிரதேச செயலகம்தான் அனுமதித்தது என்றார்கள்.

"சேர், அப்ப அரசாங்கத்துக்காகச் சட்டமா அதிபரையும் பிரதிவாதியாச் சேர்க்க வேணும். இல்லாட்டி வழக்கு நிக்காது" என்றார் நம் சட்டத்தரணி.

அரசாங்கத்தின் பெயர்தானே வரும், உன் பெயர் வராது என்று நினைத்து ஒப்பமிட்டேன். நாலு நாளைக்கு முன் அவர், வாய்க்காலுக்கு அனுமதி கொடுக்க நீ எழுதிய அறிக்கையை எடுத்து, "இந்தக் காணி உத்தியோகத்தர் இடத்தைப் பாக்காமலே எழுதியிருக்கிறா. கூண்டில ஏத்தினால் வேலையும் போகும்" என்று சிரித்தார். நீ என் மகள் என்று நான் சொல்லவில்லை.

அதை எழுதுமுன் நீ வந்து பார்க்கிறேன் என்றுதான் போன் எடுத்தாய். "வெயிலுக்க ஏன் மகள் அலையிறாய்? வாய்க்கால் வாற இடத்துக்கு மதில் தள்ளித்தான் கிடக்கு, எழுது" என்றவன் நான்.

படிப்பித்த காலத்தில், வகுப்பில் பார்த்து எழுதிய பிள்ளையைத்தான் வாங்கில் ஏற்றி நிற்க வைப்பேன். பிழையான விடையைச் சொல்லிக்கொடுத்தவன் கீழே நல்ல பிள்ளையாக இருப்பான்.

பன்னிரண்டாம் திகதி தவணை. கூண்டில் முதலில் நான் ஏறி, சொல்லிக்கொடுத்தது யாரென்று சொல்கிறேன். வழக்குத் தோற்கட்டும்.

இந்தமுறை நீ வந்து பார்.

அப்பா