உனக்குப் பிறகு தருண்

இன்று காலை பரவை மார்க்கெட்டில் மல்லித்தழைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் காய் வாங்க வந்ததே மறந்துபோய் ஓரமாக நின்றுவிட்டேன். அப்போதெல்லாம் உன்னோடு இங்கே வந்தால் உன் மகன் தருண் ஒரு கட்டை உருவி முகத்தில் வைத்து அழுத்திக்கொள்வான். நீ பதறிப்போய்ப் பிடுங்கப் போவாய். "விடு தாயி, பிள்ள மோந்து பாக்கட்டும்" என்பார் கடைக்கார அம்மா.

நாகமலை புதுக்கோட்டையில் நாம் இருவரும் டாக்டர்களுக்கு ஆராய்ச்சி கற்றுத்தரும் ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கினோம். நீ பிசியோதெரபிஸ்ட், ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாயும்கூட. வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளைப் பற்றி ஆராய வந்திருந்த இளம் டாக்டர்களிடம் முதல் நாளே சொன்னாய்: "எதை ஆராயணும்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. பெத்தவங்களக் கேளுங்க."

கேட்டார்கள். பிள்ளை நடக்குமா, பேசுமா என்றுதான் கேள்வி வரும் என நினைத்திருந்தோம். மகளை மடியில் வைத்திருந்த ஒரு விவசாயி, "நாங்க போன பெறகு இவள யாரு பாப்பாக? அதக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க" என்றார். நீ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அதையே ஆய்வாக எடுத்தோம். பெற்றோரும் அந்த டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். நிதி தர இருந்தவர்களோ, இது மருத்துவ ஆராய்ச்சி ஆகாது என்று திருப்பி அனுப்பினார்கள். படிக்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போக, வகுப்பு நின்றது. அதற்குள் உனக்கு மார்பில் கட்டி.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "அம்மா ஊருக்குப் போயிருக்கா, வந்துருவான்னு அவன்கிட்டச் சொல்லிராதடி. வாசலப் பாத்துக்கிட்டே கெடப்பான்."

நீ போன பிறகு உன் தம்பி அவனை அழைத்துப்போனார். தன்னால் ஆனதெல்லாம் செய்தார். தருண் உன்னைத் தேடிக் கத்தினான். தலையைச் சுவரில் மோதிக்கொண்டான். "இம்புட்டு வளந்த பையன எப்படிக்கா பிடிச்சு நிறுத்துறது? என்னால முடியல" என்று உன் தம்பி என்னிடம் அழுதார். இப்போது அவன் திண்டுக்கல்லைத் தாண்டி ஒரு காப்பகத்தில் இருக்கிறான்.

போன வாரம் பார்க்கப் போனேன். மொட்டையடித்திருந்தார்கள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைக் கண்டதும் சிரித்தான். உடனே என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். நான் வந்தால் நீயும் வந்திருப்பாய் என்று நினைத்துவிட்டான். பக்கத்தில் உட்காரவைத்து, "அம்மா செத்துப் போயிட்டாங்கடா தருண்" என்றேன்.

நாம் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்வான் அல்லவா?

"அம்மா செத்துப் போயிட்டாங்கடா தருண்" என்றான், என் குரலின் நடுக்கத்தையும் சேர்த்து. மறுபடியும் எட்டிப் பார்த்தான்.

அவனுக்குப் புரிந்ததா? இத்தனை பேருக்குப் பாடம் நடத்திய எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழியும் தெரியவில்லை. கிளம்பி வெளியே வந்த பிறகும் உள்ளே அவன் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அழவில்லை. நிறுத்தவும் இல்லை. அந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறேன்.