எந்தப் பக்கம் என்று எம்.பி. சொல்லட்டும்

ஜூலை 14, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. ஆடி பிறக்கும் முன்பே கொட்டகைத் தகரத்தைத் தூக்குகிறது. செவலை மாட்டுக்கு மடிவீக்கம் பரவாயில்லை. தவிடு தீர்ந்தது.

எம்.பி. ஆபீசுக்கு மறுபடி போன். வெளிநாட்டோடு போடப்போகும் வர்த்தக ஒப்பந்தத்தில் பால் பவுடரும் வெண்ணெயும் வரியில்லாமல் உள்ளே வருமா? எம்.பி.க்கு அது சம்மதமா? என் கேள்வி அதேதான். பி.ஏ.வின் பதிலும் அதேதான். "ஐயா டெல்லீல இருக்காருங்க. வந்ததும் சொல்றனுங்க."

நேற்று எம்.பி. இங்கேயே ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தார் என்கிறாள் கலா. எங்கள் பால் சொசைட்டியின் செயலாளர் அவள். நான் தலைவி.

பவுடர் வந்து இறங்கினால் எங்கள் பாலை யார் வாங்குவார்கள்? சொசைட்டியில் பாதிப் பேர் தனியாக நின்று குடும்பம் நடத்துகிற பெண்கள். மாடு ஒன்றுதான் பிடிமானம்.

ஜூலை 16, புதன்

காலையில் தம்பி கதிர் வந்தான். அவிநாசி ரோட்டில் பனியன் கம்பெனி, ஏற்றுமதி. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சங்கத்தின் கூட்டமாம். எம்.பி. சிறப்பு விருந்தினர். நாங்களும் வருகிறோம் என்றேன். பிட்ட இட்லியை அப்படியே தட்டில் வைத்துவிட்டான்.

"அக்கா, அந்த ஒப்பந்தம் வரோணும்னுதான் கூட்டமே போடறோமுங்க. அங்க வரி கொறஞ்சாத்தான் எனக்கு ஆர்டர். நீங்க வந்து வேண்டாம்னா நான் மூஞ்சிய எங்க வெக்கறது?"

"வேண்டாம்னு சொல்ல வரல கண்ணு. அவரு எந்தப் பக்கம்னு கேக்கத்தான் வாரேன்."

அவன் நிலைமையும் தெரியாமல் இல்லை. பாதி மெஷினைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறான். தையலுக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவராக வேறு கம்பெனிக்கு. அவன் பிழைத்தால் எனக்கு வயிறு குளிராதா? ஆனால் அவன் துணி வெளியே போக என் பால்தான் விலையா?

வாரேன் என்றும் சொல்லாமல் போனான். தவிடு வாங்க மறந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

கூட்டம். கல்யாண மண்டபம், ஏ.சி. குளிர். நான், கலா, சொசைட்டிப் பெண்கள் கொஞ்சம் பேர். கடைசி வரிசை. கதிர் மேடையில். எங்களைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். குடிக்கவில்லை.

எம்.பி. பேச்சு நீளம். கடைசியில், "ஒப்பந்தத்தால எல்லாருக்கும் நல்லதே நடக்குமுங்க." கைதட்டல்.

எழுந்தேன். பால் பவுடர் கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் காதில் ஏதோ சொன்னார். உடனே கதிரைக் காட்டி, "இவரு உங்க தம்பியாமுங்களே? தம்பி வேணுங்கறாரு, அக்கா வேண்டாங்கறீங்க. நடுவுல நான் என்னங்க பண்றது?"

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு முகம் சுட்டது.

"அக்கா தம்பி வழக்க நாங்க ஊட்டுல பேசிக்கறோமுங்க. ஓட்டு வாங்குனது நீங்க. நீங்க எந்தப் பக்கம்னு சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. விழாக்குழு ஆள் ஒருவர் வந்து, உட்காருங்கம்மா என்றார். உட்காரவில்லை. கலா எழுந்தாள். பிறகு எங்கள் வரிசையே எழுந்தது.

அப்போது மேடையில் கதிர் எழுந்தான். கையில் இன்னும் அந்தப் பாட்டில்.

"சொல்லிப்போடுங்க ஐயா. எங்களுக்கும் தெரியோணும். எங்கக்கா மாட்ட வித்தாத்தான் என்ற மெஷின் ஓடும்னா, அத இங்கயே சொல்லிப்போடுங்க."

யாரும் கை தட்டவில்லை. எம்.பி. துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"அந்த ஒப்பந்தத்த எங்களுக்கே இன்னும் காட்டலீங்க. படிக்காத காயிதத்துக்கு நான் என்னன்னு சொல்றது?"

"படிக்காமத்தான் நல்லது நடக்கும்னீங்களா?" இது கலா. அவள் கையில் செல்போன், வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

எம்.பி. அந்த செல்போனைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "துணிக்கு வரி கொறையோணும். பால் சாமான வரியில்லாம உள்ள விடக்கூடாது. என்ற நெலம அதுதானுங்க. பார்லிமெண்ட்லயும் கேக்கறேன்."

"கேட்ட அன்னைக்கு நம்பறோமுங்க" என்றேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன்.

கதிரோடு ஒரு வார்த்தையும் இல்லை. அவன் சங்கத்துக்காரர்கள் சுற்றி நின்று ஏதோ கடிந்துகொண்டிருந்தார்கள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜூலை 21, திங்கள்

தூறல். செவலை வழக்கம்போல் கறந்தது. தவிடு வாங்கியாயிற்று.

பத்து மணிவாக்கில் பி.ஏ. தானாகவே போன். இத்தனை மாதத்தில் இதுதான் முதல் தடவை.

"ஏனுங்கம்மா, ஐயா சொன்னது அவரோட சொந்தக் கருத்துங்க. கட்சி இன்னும் முடிவு பண்ணலீங்க. அந்த வீடியோவ மட்டும் அழிச்சுப்போடச் சொல்லுங்க. ஊரெல்லாம் சுத்துது."

"கட்சி முடிவு பண்ணுனதும் கூப்புடுங்க. வந்து அதையும் வீடியோ எடுத்துக்கறோம்."

வைத்துவிட்டார்.

கலாவைக் கூப்பிட்டு, யார் யாருக்கு அனுப்பினாய் என்று கேட்டேன்.

"நம்ம சொசைட்டி குரூப்ல மட்டுந்தானுங்கக்கா போட்டேன். பனியன் கம்பெனிக்காரங்களுக்கெல்லாம் அனுப்பி உட்டது உங்க தம்பிங்க."