நோய் வருமுன்னே சுரப்பது

இன்று காலை உன் வீட்டுக்காரர் வந்து, உன் பைபிளுக்குள் இருந்ததென்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். உனக்காக நான் பேனாவில் வரைந்த படம். கருப்பையின் உட்சுவர், அதன்மேல் புள்ளிகள். கீழே உன் கையெழுத்தில் "இண்டர்ஃபெரான் எப்சிலான்". அதைச் சரியாக எழுத மூன்று முறை அடித்து எழுதியிருக்கிறாய்.

நாசரேத்துப் பள்ளி விடுதியில் நம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். கிணற்றடியில் துணி துவைத்தபடியே, சங்கு குளிக்கப் போகும் உன் அப்பாவைப் பற்றிச் சொல்வாய். சாத்தான்குளத்துக்காரியான நான் கடலைப் பார்க்குமுன்னே உன் வாயால் அதைக் கேட்டுவிட்டேன். பிறகு நான் ஆஸ்பத்திரி ஆய்வக வேலைக்கு வந்தேன். நீ உன் ஊரான திரேஸ்புரத்திலேயே வாழ்க்கைப்பட்டாய்.

இரண்டாவது கருவும் கருக்குழாயில் தங்கி, ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தாய். எப்போதோ வந்த, உடலுறவில் பரவும் கிளமிடியா தொற்று, வெளியே தெரியாமல் குழாயைக் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். எங்கிருந்து வாங்கிக்கொண்டு வந்தாய் என்று வீட்டில் கேட்டார்களாம். நீ போனைக்கூட எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்தேன்.

"ஏளா, என் உடம்புக்குக் காவலே கெடையாதா?" என்று கேட்டாய்.

அப்போதுதான் இதை வரைந்தேன். கிருமியை எதிர்க்க உடம்பே சுரக்கும் புரதம்தான் இண்டர்ஃபெரான்; அந்தப் புள்ளிகள் அதன் ஒரு வகையான எப்சிலான். மற்ற இண்டர்ஃபெரான்கள் பெரும்பாலும் கிருமி நுழைந்த பிறகே சுரக்கும். எப்சிலான் மட்டும் நோய் வருமுன்னே அங்கே இருக்கும். எலிகளில் இதை நீக்கினால் இதே தொற்று முற்றுகிறது. ஆனால் ஹார்மோனுக்கேற்ப இது கூடும், குறையும். கிருமி வந்த நாளில் உனக்கு எவ்வளவு இருந்ததென்று யாராலும் சொல்ல முடியாது. உன் நடத்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன்.

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாய். "இத அங்கன வந்து சொல்லு."

முன்னறையில் உன் வீட்டுக்காரரும் மாமியாரும் இருந்தார்கள். திக்கித் திணறித்தான் சொன்னேன். கணவரிடமிருந்தும் இது தொற்றலாம், உன் வீட்டுக்காரரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார்தான் பேசினார்.

"எனக்கும் ரெண்டு புள்ள வயித்துல தங்கல. பழியெல்லாம் எம்மேலதான். இப்படி ஒருத்தரும் வந்து சொல்லலியே."

அடுத்த வாரம் உன் வீட்டுக்காரரும் பரிசோதித்துக்கொண்டு உன்னோடு மருந்து சாப்பிட்டார். பிள்ளை வரவில்லை. ஆனால் 'எங்கிருந்து' என்ற அந்தக் கேள்வி அதன்பின் உன் வீட்டில் எழவில்லை. அதைச் சிரிப்பு திரும்பிய குரலில் போனில் சொன்னாய். போன வருஷம் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோகும்வரை அந்தக் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முன்பெல்லாம் ஆய்வகத்தில் ரிப்போர்ட்டை நீட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவேன். இப்போது தலைகுனிந்து நிற்கும் பெண்ணை உட்காரச் சொல்கிறேன். பிறகு வெளியே நிற்கும் அவள் கணவனையும் உள்ளே கூப்பிடுகிறேன்.