வெயில் இருக்கு, கரன்ட் இல்லை

20.1, செவ்வாய்

காலையில் பனி. மலை தெரியவே இல்லை. பெட்டியில் சூடு சரியாக இருந்தது. முட்டைகளைத் திருப்பி வைத்தேன். பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். இப்போது எல்லாம் வட்டம்.

அம்மாவுக்கு அது பெட்டி. அப்பாவுக்கு மிஷின். குஞ்சு பொரிக்கிற மிஷின், யாரோ வேண்டாமென்று போட்டதை ஆட்டோவில் ஏற்றி வந்தார். இதில் முட்டை வைத்தது இதுதான் முதல் தடவை. குஞ்சு நன்றாகப் பொரித்தால் நான் வீட்டிலேயே கோழி வளர்க்கலாம். இல்லையென்றால் திருப்பூர், சித்தியோடு, பனியன் கம்பெனி. ஹாஸ்டல். ஒரே அறையில் தெரியாத பெண்கள் எத்தனையோ பேர். ஒன்பதாவது படித்தபோது எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வந்ததில்லை. அங்கே எப்படி?

சித்தி தைப் பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறாள். போகும்போது அழைத்துப் போவதாகப் பேச்சு.

தேங்காய் வாங்க வேண்டும். தீப்பெட்டி.

21.1, புதன்

அப்பாவின் போனில் மெசேஜ். நாளை கம்பம் மாற்றும் வேலை, காலை முதல் மாலை வரை கரன்ட் இருக்காது.

ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தேன். அப்பா சிரித்தார்.

"நமக்கு இன்னா பாப்பா கவல? மேல சோலார் இருக்குது. இந்த ஊர்ல கரன்ட் இருக்கிற ஒரே வீடு நாளைக்கு நம்ம வீடுதான்."

சோலார் போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. புது மீட்டர், நாம் எடுப்பதையும் காட்டும், நாம் லைனுக்குக் கொடுப்பதையும் காட்டும். சவாரி வருகிறவர்களிடமெல்லாம் அப்பா போனைத் திறந்து, சோலார் கரன்ட் ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோட்டைக் காட்டுகிறார். சோலார் வந்த வாரமே பழைய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் டீக்கடை பாபு மாமாவுக்குக் கொடுத்துவிட்டார். "சூரியன் இருக்கிறப்ப பேட்டரி எதுக்கு?"

அவர் அவ்வளவு தைரியமாகச் சொன்னதால் நானும் தூங்கிவிடுவேன்.

22.1, வியாழன்

பனி விலகி நல்ல வெயில். ஒன்பது மணிக்குக் கரன்ட் போனது. பெட்டிக்குச் சூடு தருகிற விளக்கும் போனது.

அப்பா சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். மாடிக்கு ஓடினார். பேனல் கண் கூசுகிற மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. போனில் பச்சைக் கோடு தரையில் படுத்திருந்தது.

தெருமுனைக் கம்பத்தில் ஒருவர், கீழே ஒருவர். அப்பா போய்க் கத்தினார். நான் பின்னால் நின்றேன்.

"இன்னாங்க இது, வெயில் இந்த அடி அடிக்குது, என் சோலார் மட்டும் ஏன் நின்னுபோச்சு?"

கீழே இருந்தவர், "லைன்ல கரன்ட் இல்லன்னா அதுவும் தானா நின்னுடுங்க. அப்படித்தான் செஞ்சிருக்காங்க. உங்க மாடி கரன்ட் கம்பிக்கு வந்துச்சுன்னா, மேல இருக்கான் பாருங்க, அவன் வீட்டுக்குப் போவ மாட்டான்" என்றார்.

"அப்போ எனக்கு?"

"பேட்டரி வெச்சிருக்கணும். வெக்கலையா?"

அப்பா திரும்பி எங்கள் மாடியைப் பார்த்தார். மேலே இருந்தவர் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யார்மேல் வரவேண்டும் என்றும் தெரியவில்லை.

அப்பாவுக்குப் பாபு மாமாவிடம் கேட்க வெட்கம். அதனால் நான் போனேன். நானே. கடையில் ஐந்தாறு ஆண்கள். "மாமா, பேட்டரி" என்பதற்குள் காது சுட்டது. மாமா நல்லவர். "தூக்கினு வா கண்ணு" என்றார். பெட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு போனேன். விளக்கு எரிந்தது. டீ ஆறுவதற்குள் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது, அணைந்தது.

"உங்கப்பன் குடுக்கிறப்பவே அதுக்கு உசுரு கம்மி" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. இருந்தாலும்.

வீட்டில் சுடுதண்ணீர் பாட்டில், பழைய போர்வை. அம்மா பாட்டிலை மாற்றும்போதெல்லாம், "ஊருக்கே கரன்ட் குடுக்கிற மகராசன். வீட்ல ஒரு பெட்டிக்கு வழியில்ல."

அடைக்கோழி கேட்டுப் பார்த்தேன். யாரிடமும் இல்லை.

மாலையிலும் கரன்ட் வரவில்லை. கம்பம் நடத் தோண்டிய இடத்தில் பாறையாம்.

23.1, வெள்ளி

விடிந்த பிறகுதான் கரன்ட். பெட்டி மெதுவாகச் சூடேறியது.

கதவைச் சாத்தி, போர்வைக்குள் டார்ச் வைத்து ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தேன். அசையாதது. அசையாதது. ஒன்றில் கறுப்பு நிழல் சட்டென்று நகர்ந்தது. இன்னும் சிலவற்றில். அசையாதவற்றை எடுத்துப் போட மனம் வரவில்லை. திருப்பி வைத்தேன், எல்லாவற்றையும்.

அப்பா சாப்பிடாமல் ஆட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

27.1, செவ்வாய்

பொரிக்கும் நாள் நெருங்கியதால் முட்டையைத் திருப்புவதை நிறுத்தியாகிவிட்டது. இனி தொடக்கூடாது.

மதியம் ஒரு முட்டையில் ஓடு விரிசல் விட்டிருந்தது, மயிர் அளவு. காதை வைத்தேன். உள்ளே கீச். அம்மாவைக் கூப்பிட்டேன், அவளும் காதை வைத்தாள். பிறகு என் தலையைத் தடவினாள். ஏனோ.

சித்தி போன் செய்தாள். "துணி ஜாஸ்தி வாணாம்டி, ரெண்டு நைட்டி, ஒரு ஸ்வெட்டர் போதும்." ம் என்றேன். குஞ்சு விஷயம் சொல்ல வாய் வரவில்லை.

நான்கு மணிக்கு மெசேஜ். மீதிக் கம்பங்களின் வேலை நாளை. காலை முதல்.

அப்பா சோலார் கம்பெனிக்குப் பேசினார். இந்த மாடலில் பேட்டரி மாட்ட முடியாதாம். சவுண்டு சர்வீஸில் ஜெனரேட்டர் கேட்டார். எல்லாம் தைப்பூசத்துக்குப் போய்விட்டதாம். போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் எழுந்தார்.

இப்போது இரண்டாவது முட்டையும் விரிசல் விட்டிருக்கிறது. சுடுதண்ணீர் பாட்டில்களைக் கழுவி வரிசையாக வைத்துவிட்டேன். மேலே தண்ணீர் ஊற்றுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். அப்பா வாளியும் துணியுமாக, ஒவ்வொரு பேனலாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.