லைற் போட்டால் மாறாத கியர்

கண்டாவளை
ஆனி 14

அன்பு மகள் தேனுகாவுக்கு,

புளியம்பொக்கணை நாகதம்பிரான் புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மருமகனும் நோர்வேக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க அவரைத்தான் கும்பிடுகிறேன். இதைப் போனில் சொன்னால் நீ ஏசுவாய், நான் அழுவேன், அதனால் அங்கே படிக்க வருகிற பக்கத்து வீட்டுக் கஜனியிடம் மிளகாய்த்தூளோடு கொடுத்துவிடுகிறேன். உங்கள் ஊரில் வெயில் என்று ஒன்று வந்தால் தூளை ஒருக்கா எடுத்துக் காயப்போடு.

எங்கள் லொறி என்னைப் படாத பாடு படுத்திவிட்டது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஊர்ச்சனத்தை ஏற்றிக்கொண்டு, கலர் லைற் எல்லாம் கட்டிப் போய் வந்தோம். மறுநாள் ராக்காயி, நீ சித்தி சித்தி என்று திரிவாயே அவள்தான், பம்பைப் போட்டு அடிப்பக்கம் வரை சேறு போகக் கழுவினாள். அன்று பொழுதுபடுகிற நேரம் நெல்லோடு பரந்தன் றோட்டில் போகிறேன், கியர் லைற் மின்னத் தொடங்கியது, மூன்றாம் கியரிலேயே நின்றுவிட்டது, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தே உயிரை எடுத்தான். கராஜ்கார வீரபாகு பார்த்துவிட்டு, அக்கா தானா மாறுற இந்த ஓட்டோ கியர் முடிஞ்சுது, கிளச் வைச்ச கியர்ப் பெட்டி ஒண்டு மாத்துவம் என்றார். கிளச் மிதிக்க இடது கால் வேண்டுமே, எனக்கு அது கடைசி யுத்தத்தோடு போனதல்லவா. லொறி இல்லாவிட்டால் நான் வீட்டு மூலைதான் என்று நினைத்துப் பதறிப்போனேன்.

அந்தப் பதற்றத்தை எல்லாம் ராக்காயி மேல் கொட்டினேன். நீ அடிச்ச தண்ணியாலதான் வயர் பழுதாப்போச்சு என்றதோடு விட்டிருக்கலாம். தேயிலைத் தோட்டத்தில இருந்து வந்தவைக்கு வாகனத்தைப் பற்றி என்ன தெரியும் என்றும் கேட்டுவிட்டேன் மகள். ஏழு வருசமாக என் பக்கத்துச் சீற்றில் இருந்து மூட்டை ஏற்றி இறக்குகிறவளிடம், முகாமில் என் புண் ஆறும் வரை எனக்கும் உனக்கும் சேர்த்துத் தண்ணீர் தூக்கினவளிடம் அப்படிக் கேட்டேன். அவள் சாக்குகளை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பிறகுதான் கவனித்தேன், பகலில் கியர் ஒழுங்காக மாறுகிறது, லைற் போட்டால்தான் மாட்டேன் என்கிறது. வயரைப் பிடித்துக்கொண்டே போனால் பற்றறிக்குக் கீழே ஒரு ஏர்த் ஆணி, பின் லைற்றுக்கும் கியர்ப் பெட்டிக்கும் அந்த ஒன்றுதான். கலர் லைற் வயர் கொடுக்க அதைக் கழற்றியது நான், அவசரத்தில் பாதி முறுக்கி விட்டதும் நான்தான். தொட்டதும் ஆணி கையோடு சுழன்றது, லைற்றும் சேர்ந்து எரிந்தால் கியருக்குக் கரண்ட் காணாமல் போயிருக்கிறது. கத்தியால் கறளைச் சுரண்டி இறுக்கினேன், அன்றிலிருந்து ஒரு குறையும் இல்லை.

நேற்று ராக்காயி வீட்டுக்குப் போய், பிழை என்னிலதான், ஆணியை நான்தான் இறுக்கேல்லை என்று சொன்னேன். தோட்டம் என்று சொன்ன மற்றக் கதையை எடுக்க வாய் வரவில்லை. சரிங்கக்கா என்று சிரித்துக்கொண்டுதான் வந்தாள். நான் முன்கதவைத் திறந்து விட்டேன், அவள் பின்னால் ஏறி மூட்டைகளோடு இருந்துகொண்டாள். முரசுமோட்டை வரை ஓடிப் போய் வந்தேன், பக்கத்துச் சீற்றைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் ஒற்றுமையாக, நல்லாய் இருக்க வேண்டும். சித்திக்குப் போன் எடு, ஆனால் எனக்காகப் பரிந்து ஒன்றும் கதைக்காதே, மன்னிப்பை நான்தான் கேட்க வேண்டும். நாளைக் காலை நெல் ஏற்ற வருவாள், அவள் பின்னால் ஏற முன்னம் கேட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞானேஸ்வரி